கோடையில் நூலகத்துக்குச் செல்வோம்

பக்கவாதம் வந்தவரின் வீட்டில் முதல் மூன்று மாதங்கள் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவிருப்பதில்லை. உறவினர் வருகின்றனர், பழங்கள் வருகின்றன, இயன்முறை மருத்துவர் நாள்தோறும் வந்து கைகால்களை அசைத்துவிட்டுப் போகிறார். பிறகு ஒவ்வொரு வருகையாகக் குறைகிறது. நோயாளி ஒருவாறு எழுந்து நடக்கத் தொடங்கிய வேளையில், அவர் நடந்து செல்வதற்கென்று ஓர் இடம் இல்லாமற் போகிறது. வேலை நின்றுவிட்டது. திருமண வீட்டுக்குப் போனால் குழறும் பேச்சைப் பற்றி நான்கு பேர் விசாரிப்பார்கள். கோயிலில் படிகளும் கூட்டமும். இவற்றோடு கோடையும் சேர்ந்துகொண்டால், வெயிலில் வெளியே செல்ல வேண்டாம் என்று மருத்துவர்களும் சொல்லவேண்டியிருக்கிறது. அவருக்கு மிஞ்சுவது ஒரு நாற்காலியும் ஒரு தொலைக்காட்சியுமே.

எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவில், "பகல் முழுதும் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். மருந்துச் சீட்டில் அதற்கு இடமில்லை. ஆயினும் அதற்கு வரும் விடையில், இரத்த அழுத்தக் கணக்கு சொல்லாத செய்திகள் கிடைக்கின்றன. சிலர் விடை சொல்வதற்கு முன் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். மனைவிதான் சொல்வார்: "சும்மாதான் உக்காந்திருக்காரு டாக்டர். நானும் கூடவே உக்காந்திருக்கேன்." இவ்விருவரையும் மனத்தில் வைத்தே, இந்தக் கோடையில் நூலகம் என்னும் இடத்தைப் பற்றி எழுதுகிறோம்.

நூலகத்தை நாங்கள் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், அது அருகில் இருக்கிறது என்பதுதான். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என ஏதேனும் ஒன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களிலோ பக்கத்து ஊரிலோ உண்டு. இரண்டாவது, அங்கே உட்கார்ந்திருப்பதற்கு ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. உண்மையில் அதற்கான பணத்தை நாம் முன்பே கட்டிவிட்டோம். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன் போன்றோரின் முயற்சியால், 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய முதற்சட்டம் அதுவே. அச்சட்டத்தின் வழியாக இன்றும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்து வாங்கப்படுகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையின் வழியே அதைக் கொடுத்தவர்தாம். ஆகவே, கைத்தடியோடும் சற்றே இழுக்கும் காலோடும் உள்ளே நுழையும்போது எவருக்கும் கடன்பட்டது போன்ற கூச்சம் வேண்டியதில்லை.

பெரியோருக்கு அங்கே என்ன இருக்கிறது?

விடுமுறை விட்டதும் நூலகங்களில் சிறுவர் முகாம்கள் தொடங்கிவிடும். கதை சொல்லல், ஓவியம், சதுரங்கம் என்று அறிவிப்புப் பலகை நிரம்பியிருக்கும். பேரனை விட்டுவிட்டு வெளியே காத்திருப்பதோடு தம் வேலை முடிந்தது என்று தாத்தாக்களும் பாட்டிகளும் எண்ணிவிடுகின்றனர். அதே பலகையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். அதையொட்டிப் பல ஊர்களில் புத்தகக் கண்காட்சியும் சொற்பொழிவும் நடக்கும். பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. அது மாதம் ஒருமுறையோ இருமுறையோ நூல் அறிமுகக் கூட்டமோ கவிதை அரங்கமோ நடத்தும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் 'பொன்மாலைப் பொழுது' சொற்பொழிவுகளைப் பலர் அறிவர். அங்கே மின்தூக்கியும், பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும், சொந்த நூலைக் கொண்டுவந்து படிப்பதற்குத் தனிப் பகுதியும் உள்ளன. மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் அந்த அளவில் அமைந்ததே. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலுள்ள கன்னிமாரா நூலகத்துக்கு வயது 125-ஐத் தாண்டிவிட்டது. பழைய இதழ்களைப் புரட்ட விரும்புவோருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

இவற்றுள் எதற்குச் செல்வது? நோயிலிருந்து மீண்டுவருபவருக்கு முதலில் பெரிய மேடைக் கூட்டம் வேண்டாம் என்போம். அழைப்பிதழில் மாலை 6 மணி என்றிருந்தால் சிறப்பு விருந்தினர் வருவது 7 மணிக்கு என்பது நாம் அறியாததன்று. பார்க்கின்சன் நோய்க்கு வேளை தவறாமல் மாத்திரை எடுப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. வாழ்த்துரைகள் முடிந்து நன்றியுரை வருவதற்குள் மாத்திரையின் பயன் குறைந்து, நாற்காலியிலிருந்து எழுவதே பெரும்பாடாகிவிடும். மேலும், மூளையில் பாதிப்பு ஏற்பட்டவருக்கு ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கு இடையே ஒருவரின் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்பது மிகுந்த களைப்பைத் தரும். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு சிறுகதையை வாசித்துப் பேசும் கூட்டம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் இல்லையென்றால், காலை வேளையில் செய்தித்தாள் மேசையே போதும். அதுவும் ஒரு கூட்டந்தான். தலைவர் இல்லாத கூட்டம். நாள்தோறும் அதே ஆறேழு பேர் அதே இடங்களில் அமர்ந்திருப்பர். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் விசாரிப்பர்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வாசிப்பு அறை இப்போது பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களால் நிறைந்திருக்கிறது. இடம் பிடிக்க அவர்கள் காலையிலேயே வந்துவிடுவர். ஆனால் கைத்தடியோடு ஒருவர் நின்றால் எழுந்து இடம் தருபவர்களும் அவர்களே.

படிக்கவே முடியவில்லையே?

நூலகம் என்றதும் பல நோயாளிகள் சொல்வது, "இப்போதெல்லாம் எழுத்து ஓடுவதில்லை" என்பது. இதற்கெனக் கண்ணாடியை இரண்டு முறை, மூன்று முறை மாற்றியவர்களைக் காண்கிறோம். கண்ணாடி குற்றவாளி அன்று. பக்கவாதம் மூளையின் பின்பகுதியைத் தாக்கும்போது, இரு கண்களுக்கும் பொதுவான பார்வைப் பரப்பில் ஒரு பாதி மறைந்துவிடலாம். இடப்பாதி மறைந்தவர் ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் தடுமாறுவார். நடுவரியிலிருந்து படித்துவிட்டுப் பொருள் விளங்காமல் நூலை மூடிவிடுவார். வலப்பாதி மறைந்தவருக்கு, தமிழ் இடமிருந்து வலமாகச் செல்லும் எழுத்தாதலால், அடுத்து வரும் சொல் கண்ணில் படாது; ஒவ்வோர் எழுத்தாக ஊர்ந்து செல்வார். முதல் வகையினருக்கு, பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு அட்டைப் பட்டையை வைத்து, அந்தச் சிவப்பு தென்படும்வரை கண்ணைத் திருப்பச் சொல்கிறோம். வரிக்குக் கீழே ஓர் அடிக்கோல் வைத்துக்கொண்டால் இன்னும் எளிது. செலவில்லாத இந்த இரண்டு உபாயங்களால் மீண்டும் செய்தித்தாள் படிக்கத் தொடங்கியோர் உண்டு. புத்தகத்தைச் சற்றே சாய்த்துப் பிடிப்பது சிலருக்கு உதவுகிறது. பேச்சு, தொழில்வழிப் பயிற்சியாளரிடம் கேட்டால் உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வார்.

அரிதாக வேறொரு நிலையும் உண்டு. நோயாளி ஒரு கடிதத்தைத் தம் கையால் பிழையின்றி எழுதிவிடுவார். சிறிது நேரம் கழித்துத் தாம் எழுதியதையே அவரால் படிக்க முடியாது. வீட்டார் இதை நடிப்பு என்று நினைத்துச் சினம் கொள்வதும் நடக்கிறது. நடிப்பன்று, எழுதும் வழியும் படிக்கும் வழியும் மூளையில் வெவ்வேறு. இத்தகையோரிற் சிலர் எழுத்தின் வடிவத்தை விரலால் தடவிப் பார்த்து இன்ன எழுத்து என்று கண்டுபிடித்துவிடுவர்.

பேச்சிழந்தவர்களுக்கோ நூலகம் வேறு விதத்தில் பயன்படுகிறது. பேச முடியாது என்பதால் படித்துப் புரிந்துகொள்ளவும் முடியாது என்று கொள்ளலாகாது. எங்களிடம் வரும் ஒருவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் பணியில் இருந்தவர். பக்கவாதத்துக்குப் பின் அவரால் நான்கைந்து சொற்களுக்கு மேல் சொல்ல இயலவில்லை. மகள் அவரை நாள்தோறும் கிளை நூலகத்தில் கொண்டுபோய் உட்கார்த்தி வந்தார். சில நாட்களில் அவர் செய்தித்தாளிலிருந்த அச்சுப்பிழையை விரலால் சுட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டியிருக்கிறார். ஒற்று மிகுந்த இடம், ஒற்று விடுபட்ட இடம். அதன் பின் மேசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தாளை அவர் முன் தள்ளி, "இதுல எத்தனை, ஐயா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். அவர் விரல்களை விரித்துக் காட்டுவாராம். அவருடைய பேச்சு இன்னும் பெரிதாகத் திரும்பிவிடவில்லை. ஆனால் எங்கள் அறைக்குள் வரும்போது இப்போது அவர் மகளுக்கு முன்னால் வருகிறார்.

பேச்சு சரளமாக வராதவர்கள் தனியே சொல்ல இயலாத சொற்களைப் பலரோடு சேர்ந்து ஓதும்போதும் பாடும்போதும் சொல்லிவிடுவதுண்டு. சேர்ந்து வாய்விட்டு வாசிக்கும் கூட்டம் உங்கள் நூலகத்தில் நடந்தால் அவர்களைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். பார்க்கின்சன் நோயில் குரல் தாழ்ந்து போகும். தம் குரல் தாழ்ந்திருப்பது அந்த நோயாளிக்கே தெரியாது. அவர்களுக்கும் பத்துப் பேர் கேட்க உரக்க வாசிப்பது நல்ல பயிற்சி.

மறதி நோயைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2003-இல், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று வெளியாயிற்று. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டோரிடையே மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் அது வாசிப்பின் பயன்தான் என்று உறுதியாகக் கூற முடியாது. நோய் வெளிப்படுவதற்கு முன்பே சிலர் படிப்பதை விட்டிருக்கலாம் அல்லவா? வந்துவிட்ட நோயை நூலகம் மாற்றிவிடாது. சற்று முன் நடந்ததை மறப்பவர், ஒரு பழைய தீபாவளி மலரின் விளம்பரத்தைக் கண்டதும் அந்தக் கடை எந்தத் தெருவில் இருந்தது, அங்கே யாருக்கு என்ன துணி எடுத்தோம் என்று சொல்லத் தொடங்கலாம். அந்த அரை மணி நேரம் அவருக்கும், அருகிலிருந்து கேட்கும் மகனுக்கும் கிடைக்கிறது. அவ்வளவே நாங்கள் வாக்களிக்கக் கூடியது. மறதி நோயாளர் பலருக்கு மாலை இருட்டும் வேளையில் குழப்பம் மிகும். ஆதலால் அவர்களைக் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள்.

போகும் வழி

காலை 10 மணிக்குள், அல்லது மாலை 4 மணிக்குப் பின். அக்கினி நட்சத்திர நாட்களில் நண்பகல் பயணம் அறவே கூடாது. நண்பகல் வெயிலுக்கு நூலகத்தில் ஒதுங்கலாம் என்று எண்ணிச் செல்வோரும் உண்டு. பல கிளை நூலகங்கள் நண்பகலில் மூடி மாலையில் மீண்டும் திறப்பவை. வார விடுமுறை பல இடங்களில் வெள்ளிக்கிழமை. ஒரு முறை வீட்டிலிருந்து யாரேனும் சென்று வாசலில் எழுதியுள்ள நேரத்தைப் பார்த்து வரட்டும். அப்படியே படிகள் எத்தனை, கைப்பிடி உண்டா, கழிப்பறை எப்படி என்பதையும் பார்த்துவிடலாம். சிறிய நூலகங்கள் சிலவற்றில் கழிப்பறை இல்லை. இருக்கும் இடத்திலும் முழங்கால் மடக்க இயலாதவர் பயன்படுத்தும் வகையில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாதி நோயாளிகள் வெளியே போவதற்குத் தயங்குவது இந்த ஒன்றினால்தான். எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு வேறு காரணம் சொல்கின்றனர்.

வலுவிழந்த காலோடு இருப்பவரை இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார்த்தி அழைத்துச் செல்ல வேண்டாம். உணர்வு குன்றிய கால் மிதியிலிருந்து நழுவும். சூடான புகைக்குழாயில் பட்டு வெந்தாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து வேட்டியைக் களையும்போதுதான் கொப்புளத்தைக் காண்போம். ஆட்டோ நல்லது. செருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நூலகங்களில் செருப்பை வெளியே விடவேண்டும். நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர், வெயிலில் காய்ந்த வாசற்படியில் வெறுங்காலோடு நான்கு அடி வைத்தாலே புண் வந்துவிடக் கூடும். சுத்தமான ஒரு சோடிச் செருப்பைப் பையில் எடுத்துச் சென்று, உள்ளே அணிந்துகொள்ள நூலகரிடம் அனுமதி கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் மறுக்கமாட்டார்.

சில மருந்துகள் வியர்வையைக் குறைப்பவை. கைநடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில், வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் டோபிராமேட், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவை அவற்றுள் அடங்கும். வியர்க்காத உடல் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் தவிக்கும். இதற்காக மருந்தைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தை நிறுத்துவது வெயிலைவிடக் கொடியது. நிழலும் நேரமும் பார்த்துச் செல்லுங்கள். முதுமையில் தாகம் குறைவாகவே தெரியும். ஆதலால் தாகத்துக்குக் காத்திராமல் இடையிடையே சிறிது நீர் அருந்துவது நல்லது. இதயம், சிறுநீரகம் தளர்ந்தோருக்கு மட்டும் எவ்வளவு நீர் என்பதை அவரவர் மருத்துவர் குறித்த அளவே அளவு. வெயிலில் சென்றவர் தொடர்பில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடல் அனலாய்க் கொதித்தாலோ அதைக் களைப்பு என்று விடாதீர்கள். நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் தேநீரும் பிஸ்கட்டும் வரும். சில இடங்களில் சுண்டல். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் உபசாரத்துக்காக அதை வாங்கிக்கொண்டு புரையேறித் தவிப்பதுண்டு. கெட்டியாக்கிய நீராகாரம் மட்டுமே கொடுக்கச் சொல்லியிருந்தால், அந்த விதி நூலகத்திலும் பொருந்தும். வீட்டிலேயே உண்டுவிட்டுச் செல்லுங்கள். தட்டு வரும்போது கைகூப்பினால் போதும்; யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

துணையிருப்பவர் தனியே செல்லலாமா?

செல்லலாம், செல்லவும் வேண்டும். எங்கள் பிரிவில் நோயாளிக்குத் துணையாக வருவோர் பெரும்பாலும் மனைவியர், மகள்கள், மருமகள்கள். அவர்களுடைய இரத்த அழுத்தத்தை நாங்கள் கேட்டு அளந்து பார்ப்பதுண்டு. நோயாளிக்கு இருப்பதைவிட மிகுதியாக இருந்த நாட்களும் உண்டு. "வாரத்தில் இரண்டு மணி நேரம் வெளியே சென்று வாருங்கள்" என்றால், "எங்கே போறது டாக்டர்?" என்கின்றனர். உறவினர் வீட்டுக்குப் போனாலும் அங்கே அவரைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. கடைக்குப் போனால் அவருக்குரிய மருந்தும் மாவும். நூலகத்தில் மட்டுமே ஒரு பெண் தனக்கென்று ஒரு நூலை எடுத்துக்கொண்டு, யாருக்கும் விடை சொல்லாமல் உட்கார்ந்திருக்க முடிகிறது. செய்தித்தாள் மேசையைச் சுற்றி ஆண்களே இருப்பதால் தயங்குகிறார்கள் என்பதை அறிவோம். மகளிருக்கென இருக்கைகள் ஒதுக்கிய நூலகங்கள் உண்டு; இல்லாத இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அழைத்துச் சென்றால் முதல் நாள் தயக்கம் தீரும். தையல், சமையல் நூல்களில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. துப்பறியும் நாவலை எடுத்து வந்து, முடிவு தெரியாமல் இரவு உறங்கமாட்டேன் என்று கணவரை மிரட்டிய அம்மையார் ஒருவரை அறிவோம்.

அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் இருக்கப்போகும் மகனுக்கோ அண்டை வீட்டாருக்கோ மூன்று செய்திகள் தெரிந்தால் போதும். நோயாளியை எந்தப் பக்கம் நின்று எழுப்புவது, அந்த வேளைக்கு மாத்திரை உண்டா, அவசரத்துக்கு எந்த எண். ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

படுக்கையிலேயே இருப்பவர்களுக்கும் வழியுண்டு. பொது நூலகத்துறையின் 'நூலக நண்பர்கள்' திட்டத்தில், நூலகத்துக்கு வர இயலாத முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுவந்து தருகின்றனர். உங்கள் கிளை நூலகரிடம் கேட்டால் அப்பகுதியில் யார் வருகிறார்கள் என்று சொல்வார். நூலைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல், ஒரு பக்கத்தை உரக்கப் படித்துவிட்டுப் போகுமாறு அந்தத் தன்னார்வலரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, உங்கள் ஊர் நூலகத்தில் சாய்தளம் உண்டா, கழிப்பறை எப்படி, எந்தக் கிழமையில் கூட்டம் நடக்கிறது என்பதை எங்கள் பிரிவின் செவிலியரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். உங்கள் ஊரிலிருந்து வரும் அடுத்த நோயாளிக்கு அதைப் பார்த்துச் சொல்வோம்.